மறு: 1950 காடிலாக் லிமோசின், தடுப்புக் கண்ணாடி தானாக இறங்குகிறது

உங்கள் காடிலாக் சீரிஸ் 75-இல் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள தடுப்புக் கண்ணாடி இரவோடு இரவாக இறங்கிவிடுகிறது, மோட்டாரை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மோட்டாரைத் தொடாதீர்கள். கண்ணாடியை ஏற்றும்போது மட்டும்தான் அது ஓடி, பம்ப் மூலம் சிலிண்டருக்குள் திரவத்தைத் தள்ளும். ஏறிய கண்ணாடியைத் தாங்கி நிற்பது சிலிண்டருக்குள் அடைபட்ட திரவம். இறக்கச் சுவிட்சை அழுத்தினால் மின்சாரத்தில் இயங்கும் சோலனாய்டு வால்வு திறக்கும், ஸ்பிரிங் கீழே இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

முன்சீட்டின் பின்பலகையைக் கழற்றி, சிலிண்டரைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் சீல், அதாவது திரவம் கசியாமல் அடைக்கும் ரப்பர், போய்விட்டது. காய்ந்திருந்தால் சோலனாய்டு வால்வில் துருத்தூள் சிக்கி, சரியாக மூடாமல் இருக்கலாம்.

அந்தக் காலத்தில் இதற்கு ஊற்றியது பிரேக் ஆயில். காற்றின் ஈரத்தை உறிஞ்சி சிலிண்டரை உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். கசிந்தால் பெயின்ட்டையும் உரித்துவிடும். அதற்குப் பயந்து பழைய சீல்களை வைத்துக்கொண்டே ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் உப்பிப்போகும்.

அப்புறம், கதவுகளில் இருக்கும் சிலிண்டர்களுக்கும் இதே வயசுதான். அவற்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பம்ப்தான், அதனால் அதை ஒரு தடவை வடித்துக் கழுவினால் போதும் பாருங்கள்.