பேட்டன்தான் சார் கணக்கு

வணக்கம் அக்கா,

பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் நான். வயது 41. மாலையில் திடல்தடப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவ சபையில் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் மாவட்டப் போட்டி. 12 வயதுப் பையன்களின் 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில், மூன்றாவது பையன் கடைசிப் பையனிடம் பேட்டனை, அதாவது கைமாற்றி ஓடுகிற குச்சியை, கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கடைசிப் பையன் அவசரப்பட்டுக் கிளம்பிவிட்டான். பேட்டன் கைமாற வேண்டிய 30 மீட்டர் பகுதி முடிகிற கோட்டைத் தாண்டி, இன்னும் ஓரடி போன பிறகுதான் பேட்டன் கைமாறியது. என் கண்ணால் பார்த்தேன். மஞ்சள் கொடியோடு நின்ற நடுவர் பக்கத்துத் தடத்தில் விழுந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தப்பு நடந்தால் ஏற வேண்டிய கொடி ஏறவில்லை. எங்களுக்கு முதலிடம். அடுத்த மாதம் மாநிலப் போட்டிக்குப் போகிறோம்.

பையன்களுக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கடைசிப் பையன் மெதுவாக வந்து, "சார், என் கால் கோட்டுக்கு வெளிய போயிருச்சுல்ல?" என்று கேட்டான். "கால் கணக்கில்லடா, பேட்டன்தான் கணக்கு" என்றேன். விதி அதுதான் அக்கா, நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பேட்டனும் வெளியேதான் இருந்தது.

அந்தப் பதக்கத்தை அவர்கள் வீட்டில் சாமி மேடையில் முருகன் படத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். பிறை என்கிற ஊரில் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அவன் அம்மா, அதைப் படம் பிடித்து எனக்கு வாட்சாப்பில் அனுப்பினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரின் நாள், ஓடமாட்டேன் என்று 100 மீட்டரையே விட்டுவிட்டு, அப்புறம் 400 மீட்டரில் தங்கம் எடுத்த எரிக் லிடெலின் கதையை வருஷா வருஷம் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவன் நான்! போன வாரம் வாலிபர் கூட்டத்தில் 2 தீமோத்தேயு 2:5 வாசிக்கச் சொன்னார்கள். "சட்டத்தின்படி பண்ணாவிட்டால் முடிசூட்டப்படான்" என்ற இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது, இருமுகிற மாதிரி சமாளித்தேன்.

இப்போது பயிற்சியில் கோட்டைத் தாண்டினால் அவனே "பேட்டன்தான் சார் கணக்கு" என்று சிரிக்கிறான். சபையில் எழுந்து நின்று சொல்லிவிடட்டுமா, இல்லை பயிற்சியையே விட்டுவிடட்டுமா? தூக்கம் இல்லை. மனைவிக்குக்கூட இன்னும் தெரியாது.

- பினாங்கு வாசகர்

தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் நடுவர் வருகிறார், மஞ்சள் கொடி வருகிறது, முருகன் வருகிறார், தீமோத்தேயு வருகிறார். இரண்டாவதாக வந்த பள்ளி மட்டும் வரவேயில்லை. அங்கேயும் நாலு பையன்கள் ஓடியிருப்பார்கள், அவர்களும் வீட்டுக்குப் போய் ஏதோ சொல்லியிருப்பார்கள்.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. மனம் உறுத்தும்போது நாம் நம்மையேதான் சுற்றிச் சுற்றி வருவோம், அடிபட்டவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். 'தப்புப் பண்ணிவிட்டேன்' என்பது குற்றவுணர்வு, 'நானே தப்பான ஆள்' என்பது அவமானம். எங்கள் ஆலோசனைத் தொழிலில் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்ப்போம், ஏனென்றால் முதலாவது போய்ச் சரிசெய் என்று சொல்லும், இரண்டாவது ஓடி ஒளிந்துகொள் என்று சொல்லும். பயிற்சியை விட்டுவிடட்டுமா என்று கேட்பது இரண்டாவதன் குரல். நீங்கள் விலகினால் அந்தப் பையன் தன்னால்தான் சார் போய்விட்டார் என்று நினைப்பான்.

சபையில் சொல்வதும் இப்போது வேண்டாம். நான் போதகர் இல்லை, ஆனால் இது தெரியும்: அங்கே எழுந்து அழுதால் உங்களுக்கு லேசாகிவிடும், நாலு பேர் தோளைத் தட்டுவார்கள், திங்கட்கிழமை விஷயம் வேறு யார் வாயிலோ பையன் காதுக்குப் போகும்.

முதலில் அவனிடம் பேசுங்கள். அவன் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி! யாரும் கேட்காமலேயே, ஜெயித்த சந்தோஷத்துக்கு நடுவில், தானே வந்து சொன்ன பிள்ளை. நீங்கள் சரியான விதியைச் சொல்லி, அவன் சரியாகப் பார்த்ததை இல்லை என்று ஆக்கிவிட்டீர்கள். அவன் இப்போது சிரிப்பது திமிர் என்று எனக்குத் தோன்றவில்லை, சார் என்ன சொல்வார் என்று ஆழம் பார்க்கிறான்.

திடலில் நிற்கவைத்துப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள், அவன் அம்மாவும் இருக்கட்டும். "அன்னைக்கு நீ சரியாத்தான் கேட்ட. பேட்டனும் வெளியதான் இருந்துச்சு. நான் பார்த்தேன், சொல்லல. தப்பு என்னுது." இவ்வளவு போதும். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வைக்காதீர்கள், 12 வயதுப் பிள்ளை உங்களைத் தேற்ற வேண்டாம். பதக்கத்தை என்ன செய்வது என்று கேட்டால், பெரியவர்கள் முடிவு சொல்லும் வரை முருகனிடமே இருக்கட்டும்.

அப்புறம் தலைமையாசிரியர், அவர் வழியாக ஏற்பாட்டாளர்கள். முடிவை அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும் என்பது அனைத்துலகத் தடகள விதி, உங்களுக்கே தெரியும். அந்த 30 நிமிடம் ஐஸ் கச்சாங்கில் கரைந்துவிட்டது. அதனால் முடிவு மாறாமலும் போகலாம், அது அவர்கள் பாடு. ஆனால் மாநிலப் போட்டிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது பையன் பெயரை முன்னே தள்ளாதீர்கள். "நான் பார்த்தேன், மறைத்தேன்" என்று ஆரம்பியுங்கள்.

லிடெல் கதையை நீங்கள் பாரிஸோடு நிறுத்திவிடுகிறீர்கள் போலிருக்கிறது. மிஷனரியாகச் சீனாவுக்குப் போன அவரை 1943-ல் ஜப்பானியர் வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்துவார், ஞாயிறு அன்று நடத்த மாட்டார். ஒரு ஞாயிறு பிள்ளைகளே ஹாக்கி ஆடினார்கள், நடுவர் இல்லை, அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் நடுவராக வந்து நின்றார். ஒலிம்பிக்குக்காக விட்டுக்கொடுக்காத ஞாயிறு அது! 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே மூளைக்கட்டியால் இறந்துபோனார். அடுத்த முறை பையன்களுக்கு அந்த ஹாக்கி ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் கிளினிக்கில் காட்டுங்கள். மனைவியிடம் இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லிவிடுங்கள். தலைமையாசிரியர் அறைக்குள் நீங்கள் போகிற அன்று, வெளியே காரில் யாராவது காத்திருந்தால் நல்லது.