கண்டம் பிளக்கும்போது அடியில் என்ன நடக்கிறது?

கேள்வி: மேல்நிலை வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கிறேன். ஆப்பிரிக்கா இரண்டாகப் பிளக்கிறது என்று ஒரு காணொளியை மாணவர்கள் கொண்டுவந்து காட்டினார்கள். கென்யாவில் சாலை இரண்டாகப் பிளந்து கிடக்கும் காட்சியும் அதில் இருக்கிறது. "அடியில் இருக்கும் நெருப்புக் குழம்பு தள்ளுவதால்தானே கண்டம் உடைகிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். கொதிக்கும் நீரைப் போல அம்புக்குறிகள் சுழலும் படத்தைக் காட்டி, "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. நான் சொன்னது சரியா? இதை வகுப்பில் செய்துகாட்ட வழி உண்டா?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த "ஆமாம்" திருத்தப்பட வேண்டியதுதான். பெரும்பாலானவர்கள் மனத்தில் பதிந்திருக்கும் படமும் அதுவே: மேலே மெல்லிய ஓடு, கீழே தளதளவென்று கொதிக்கும் குழம்பு, அது முட்டி மோதி ஓட்டை உடைக்கிறது. இந்தப் படத்தை அழித்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும்.

மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் திடப்பாறை. குழம்பு அல்ல. நிலநடுக்கத்தில் பிறக்கும் குறுக்கலைகள் திரவத்துக்குள் பயணிக்க முடியாதவை. ஆனாலும் அவை கவசம் முழுவதையும் ஊடுருவி வருகின்றன. சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில், உருகிய இரும்பாலான வெளிக்கருவை எட்டும்போதுதான் நின்றுபோகின்றன. திடப்பாறை எப்படி நகரும் என்று மாணவர்கள் கேட்பார்கள். பனியாற்றை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள். சுத்தியலால் அடித்தால் உடைந்து சிதறும் பனிக்கட்டிதான், தன் எடையாலேயே மலைச்சரிவில் மெல்ல வழிந்து இறங்குகிறது. கவசமும் அப்படித்தான், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது.

கவசத்தைக் கையில் எடுத்துப் பார்க்கவும் முடியும். சில எரிமலைகளில் பாறைக்குழம்பு மேலே வரும் வேகத்தில், வழியில் இருக்கும் கவசத் துண்டுகளை உடைத்து அள்ளிக்கொண்டு வந்துவிடும். அந்தக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் என்ற கருத்த கல்லை உடைத்தால் நடுவே உள்ளங்கை அளவுக்குப் பச்சை உருண்டை ஒன்று பதிந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஆலிவின் என்ற கனிமத்தின் வெளிர்பச்சை மணிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும். அவற்றுக்கிடையே மரகதம்போல அடர்ந்த பச்சையில் சில புள்ளிகள் தெரியும், ஒன்றிரண்டு கறுப்பு மணிகளும் இருக்கும். எல்லாமே படிகங்கள். இதுதான் பெரிடோடைட், மேல்கவசத்தின் பாறை. முதன்முதலில் அதைக் கையில் வாங்கியபோது, பாடத்தில் படித்த "கவசம்" என்ற சொல்லுக்கு எடையும் நிறமும் உண்டு என்பது எனக்கு உறைத்தது. உங்கள் அருகில் ஏதேனும் கல்லூரியின் நிலவியல் துறையில் இத்தகைய மாதிரி இருந்தால், மாணவர்களை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். அதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

இனி, பிளவு. விரிசலும் கண்டப் பிளவும் ஒன்றல்ல. கண்டம் முதலில் மெலிகிறது. உடைவது வெகுகாலம் கழித்து. அரக்குக் குச்சியின் நடுப்பகுதியைச் சூடாக்கி இரு முனைகளையும் பிடித்து இழுத்தால் என்ன ஆகிறது? நடுவே இளகி, நீண்டு, மெலிகிறது. அதே குச்சியைச் சூடாக்காமல் வளைத்தால் படக்கென்று ஒடிகிறது. கண்டத்தில் இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மேலே இருக்கும் 10, 15 கி.மீ. குளிர்ந்த பாறை ஒடியும். அதற்குக் கீழே சூடான பாறை இளகி நீளும். ஒடியும் மேல்பகுதியில் சரிவான முறிவுத் தளங்கள் உண்டாகின்றன. இரண்டு தளங்களுக்கு நடுவே அகப்பட்ட பாறைத்தொகுதி கீழே இறங்கிவிடுகிறது. அதுவே பிளவுப் பள்ளத்தாக்கு. 1893-ல் கென்யாவுக்குச் சென்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் ஜான் வால்டர் கிரிகோரி இதைத்தான் கண்டுகொண்டார். அந்தப் பள்ளத்தாக்கை ஆறு அரித்து உருவாக்கவில்லை, நிலமே இறங்கியிருக்கிறது என்றார்.

ஏன் இறங்க வேண்டும்? நீரில் மிதக்கும் மரக்கட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். தடித்த கட்டை உயரமாகத் தெரியும், மெல்லிய கட்டை தாழ்ந்து மிதக்கும். கண்ட மேலோடு கவசத்தைவிட அடர்த்தி குறைந்தது. 40 கி.மீ. தடிமனான மேலோட்டை இருமடங்காக இழுத்தால் 20 கி.மீ. தான் மிஞ்சும், நிலம் தாழும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து சூடான கவசம் எழுந்து வருகிறது. சூட்டால் விரிந்திருப்பதால் அது நிலத்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது. இழுவை நின்ற பிறகு, அந்தச் சூடு மெல்ல ஆறும்போது, நிலம் இன்னும் பல கோடி ஆண்டுகளுக்குத் தாழ்ந்துகொண்டே போகும். இந்த இரண்டு கட்ட இறக்கத்தை 1978-ல் பிரிட்டிஷ் புவி இயற்பியலாளர் டான் மெக்கென்சி எளிய கணக்காகவே எழுதிக் காட்டினார். வட கடலின் அடியில் எண்ணெய் தேடுவோர் இன்றும் அந்தக் கணக்கைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அப்படியானால் குழம்பு எங்கிருந்து வருகிறது? மாணவியின் கேள்விக்கு நேரான விடை இங்கேதான் இருக்கிறது. உயர்ந்த மலை உச்சியில் நீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறைகிறது. பாறையின் உருகுநிலையும் அழுத்தத்தைப் பொறுத்ததே. 100 கி.மீ. ஆழத்தில் கவசப் பாறை ஏறத்தாழ 1,300 பாகை சூட்டில் இருந்தும் உருகுவதில்லை. மேலே இருக்கும் எடை அதை உருகவிடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறது. மேலே கண்டம் மெலிந்து, அதே பாறை ஏறக்குறைய அதே சூட்டுடன் 60 கி.மீ. ஆழத்துக்கும் மேலே எழும்பினால் உருகத் தொடங்கிவிடும். யாரும் அதற்குக் கூடுதலாகச் சூடேற்றவில்லை. அழுத்தம் தளர்ந்தது, அவ்வளவுதான். அப்போதும் முழுப் பாறையும் உருகுவதில்லை, சிறு பங்கு மட்டுமே உருகிக் கசிந்து மேலே வருகிறது. பல இடங்களில் குழம்பு பிளவுக்குக் காரணம் அல்ல, பிளவின் விளைவு.

இதற்கு உறுதியான சான்று அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கிறது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பமும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தவை. அவை பிரிந்தபோது குழம்பு மிகக் குறைவாகவே வந்தது. அங்கே கடலடியைத் துளையிட்டுப் பார்த்தவர்கள், எரிமலைப் பாறையை எதிர்பார்த்த இடத்தில் கவசப் பாறையே நேராக வெளியே வந்து கிடப்பதைக் கண்டார்கள். கண்டம் மெலிந்து மெலிந்து, அடியில் இருந்த கவசம் கடல்தரைக்கே வந்துவிட்டது. குழம்பு தள்ளாமலேயே ஒரு கண்டம் பிரிய முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதே பெருங்கடலின் வடக்கே, கிரீன்லாந்தும் நார்வேயும் பிரிந்த இடத்தில் நிலைமை நேர்மாறு. சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே குழம்பு வெள்ளமாகவே பாய்ந்தது. அங்கு கவசம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது.

எனவே "தள்ளுகிறதா, இழுக்கிறதா" என்றால், இரண்டும் உண்டு. எது மேலோங்குகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். புவித்தட்டுகளை நகர்த்தும் விசைகளில் பெரியது, கடல் அகழிகளில் குளிர்ந்து கனத்த தட்டு அடியில் அமிழும்போது தன் பின்னால் இருப்பதையும் சேர்த்து இழுப்பது. ஆப்பிரிக்காவைச் சுற்றிலும் பெரும்பாலும் நடுக்கடல் முகடுகள்தான், அதாவது தட்டுகள் விலகும் கடலடி மலைத்தொடர்கள்தான் இருக்கின்றன. இழுக்க அகழிகள் அதிகம் இல்லை. ஆகவே அங்கே கவசத்தின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. வழக்கத்தைவிடச் சூடான ஒரு பெரும்பகுதி, தென்னாப்பிரிக்காவின் அடியில் வெளிக்கருவின் எல்லையிலிருந்து சாய்வாக எழுந்து கிழக்கு ஆப்பிரிக்காவை நோக்கி வருவதை நிலநடுக்க அலைகளால் எடுத்த படங்கள் காட்டுகின்றன. அது எத்தியோப்பிய, கென்ய மேட்டுநிலங்களைத் தாங்கி உயர்த்தியிருக்கிறது. உயர்ந்த நிலம் தன் எடையாலேயே இருபுறமும் பரவப் பார்க்கும். எத்தியோப்பியாவில் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பசால்ட் வெள்ளம் பாய்ந்ததும் இந்தச் சூட்டால்தான்.

உங்கள் அம்புக்குறிப் படத்துக்கு வருகிறேன். கவசத்தில் சூடான பாறை எழுவதும் குளிர்ந்த பாறை அமிழ்வதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு பிளவுக்கு அடியிலும் ஒரு சுழற்சி இருந்து, இருபக்கமும் உருளைபோல் மேலோட்டை இழுக்கிறது என்று அந்தப் படம் நினைக்கவைக்கிறது. உண்மையில் தட்டுகளும் அந்தச் சுழற்சியின் ஒரு பகுதி, அதன் குளிர்ந்த மேற்பகுதி. என் கருத்தில், அதை வகுப்பில் காட்டாமல் இருப்பதே நல்லது. காட்டியே ஆகவேண்டும் என்றால், அமிழும் தட்டு ஒன்றை அதில் நீங்களே வரைந்து சேர்த்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக ஆப்பிரிக்க வரைபடத்தை விரியுங்கள். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவு இரண்டு கிளைகளாகச் செல்கிறது. அதன் கிழக்குக் கிளையில் எரிமலைகள் நிறைந்திருக்கின்றன. மேற்குக் கிளையில் எரிமலைகள் குறைவு, நீண்டு ஒடுங்கிய ஆழமான ஏரிகள் அதிகம். டாங்கன்யிகா ஏரியின் ஆழம் 1,470 மீட்டர், அதன் அடித்தளம் கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. இரண்டு கிளைகளுக்கும் நடுவே விக்டோரியா ஏரி. பரப்பில் அது ஆப்பிரிக்காவிலேயே பெரியது, ஆழமோ சுமார் 80 மீட்டர்தான். ஏன் இந்த வேறுபாடு? விக்டோரியா ஏரியின் அடியிலும் அதன் தெற்கிலும் இருப்பது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான, தடித்துக் குளிர்ந்து இறுகிய கண்டத் துண்டு. பிளவு அதை உடைக்க முடியாமல், அதன் இருபுறமும் இருந்த பழைய தையல்களில், அதாவது முன்பு கண்டத் துண்டுகள் ஒட்டிக்கொண்ட இணைப்புகளில் புகுந்து சுற்றிப் போயிருக்கிறது. கண்டம் எங்கே பிளக்கும் என்பதைக் கவசம் மட்டும் தீர்மானிப்பதில்லை, மேலோட்டின் பழைய வரலாறும் சேர்ந்து தீர்மானிக்கிறது. இந்த ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டே ஒரு முழு வகுப்பை நடத்தலாம்.

காணொளியில் வந்த சாலைக் காட்சி பெரும்பாலும் 2018 மார்ச்சில் எடுக்கப்பட்டதாக இருக்கும். கென்யாவின் மாய் மஹியு – நரோக் சாலை அப்போது அறுந்துபோனது. அது பிளவுப் பள்ளத்தாக்குக்குள் இருக்கும் இடம்தான். ஆனால் அதற்கு முன் கனமழை கொட்டியிருந்தது. அங்கே நிலம் என்பது எரிமலைச் சாம்பல் படிந்த தளர்ந்த மண். நீர் உள்ளே புகுந்து அந்த மண்ணை அரித்துச் சென்றதால் மேல்பரப்பு உள்வாங்கியது என்பதே பல நிலவியலாளர்களின் முடிவு. அன்று கண்டம் பிளந்துவிடவில்லை.

கண்டம் உண்மையாகவே விலகிய நிகழ்ச்சி வேண்டுமானால் 2005 செப்டம்பரைச் சொல்லுங்கள். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில், தப்பாஹு எரிமலையை ஒட்டி, சுமார் 60 கி.மீ. நீளத்துக்குப் பாறைக்குழம்பு நிலத்தடியில் ஒரு தகடுபோலச் செங்குத்தாக நுழைந்தது. சில வாரங்களுக்குள் சில இடங்களில் நிலம் 8 மீட்டர் வரை விலகியது. செயற்கைக்கோள் ராடார் படங்கள் அதை அளந்தன. வெளியே வந்ததோ சிறிது சாம்பலும் கொஞ்சம் குழம்பும்தான். அஃபாரில் மேலோடு ஏற்கெனவே வெகுவாக மெலிந்துவிட்டது. இந்தக் கட்டத்தில் குழம்பும் ஆப்புபோல நுழைந்து பிளவுக்குத் துணைசெய்கிறது. உங்கள் மாணவி சொன்னது முழுக்கத் தவறல்ல என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். கதையின் பிற்பகுதியில் நடப்பதை அவள் தொடக்கத்தில் வைத்துவிட்டாள், அவ்வளவே.

"எப்போது கடல் வரும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் இரு பக்கமும் விலகும் வேகம் அதிகபட்சமாக ஆண்டுக்கு 6, 7 மி.மீ. நகம் வளரும் வேகம் என்று பலரும் ஒப்பிடுவார்கள். உண்மையில் நகம் இதைப்போல ஐந்து மடங்கு வேகமாக வளர்கிறது. செங்கடல் அளவுக்கு, 300 கி.மீ. அகலத்துக்குக் கடல் விரிய இந்த வேகத்தில் 5 கோடி ஆண்டுகள் ஆகும். அதுவும் பிளவு பாதியில் நின்றுவிடாமல் இருந்தால். வட அமெரிக்காவின் நடுவே 110 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஒரு பெரும்பிளவு அப்படியே நின்றுபோனது. சுபீரியர் ஏரி இன்று அதன்மேல்தான் இருக்கிறது. சைபீரியாவின் பைக்கால் ஏரியும் ஒரு பிளவுதான். 1,642 மீட்டர் ஆழம், அதற்கும் கீழே பல கி.மீ. தடிமனுக்கு வண்டல், ஏரிப் படுகைக்குள் ஓர் எரிமலைகூட இல்லை. அது கடலாகுமா, ஏரியாகவே நின்றுவிடுமா என்பது இன்னும் முடிவாகாத கதை.

செய்துகாட்ட: நீண்ட கண்ணாடித் தொட்டி ஒன்று, உலர்ந்த மெல்லிய மணல், ஒரு பகுதி மணலுக்கு நிறம். தொட்டியின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பலகையை ஒரு முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். அதன் அடி விளிம்பில் ஒட்டிய கெட்டியான தாள், பலகைக்கு மறுபுறம் மணல் கொட்டும் பகுதியின் நடுவரை நீண்டு கிடக்க வேண்டும். அதன்மேல் நிறமணலும் வெறும் மணலுமாக மாறி மாறி, மொத்தம் 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். இப்போது பலகையை அந்த வெற்று முனையை நோக்கி, மிக மெதுவாக இழுங்கள். தாளின் விளிம்புக்கு மேலே, எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு முறிவுகள் விழும். நடுவே ஓர் ஆப்பு இறங்கும். கண்ணாடி வழியே நிறப்பட்டைகள் அறுந்து படிப்படியாகத் தாழ்வது தெளிவாகத் தெரியும். முதல் தடவை சரியாக வராது, அவசரப்பட்டு இழுத்துவிடுவோம். வகுப்புக்கு முன் இரண்டு மூன்று முறை தனியாகச் செய்து பாருங்கள்.

மணல் காட்டுவது ஒடியும் மேல்பகுதியை மட்டும்தான் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். இளகும் அடிப்பகுதிக்கு அரக்கு இருக்கிறது. பிறகு ஒரு கணக்கு கொடுங்கள். 5 செ.மீ. மணல் 10 கி.மீ. பாறை என்று வைத்துக்கொண்டால், பலகையை ஒரு செ.மீ. இழுத்தது 2 கி.மீ. விலகலுக்குச் சமம். ஆண்டுக்கு 6 மி.மீ. என்றால் அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கேள்வி கேட்ட அந்த மாணவியையே கணக்கிடச் சொல்லுங்கள். சுமார் 3,30,000 என்று வரும். அந்த எண்ணைக் கண்ணாடியின் மேல், பலகை நகர்ந்த இடத்தில், அவள் கையாலேயே எழுதட்டும்.