அடுத்து இறங்குவது யார்? கொலம்பஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்வியைப் படித்தேன். ஓஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில் எம்.எஸ். சேர்ந்து இப்போதுதான் இரண்டு மாதம் ஆகிறது, சனிக்கிழமை நடந்த காலேஜ் டீமின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் ஒரு பையனுக்கு முழங்கால் போய்விட்டது, "இந்த சீசன் இனி இல்லை" என்று செய்தி வந்ததும் திங்கள்கிழமை லேபில் யாரும் சரியாகப் பேசக்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "நூறு பேர் டீமில் இருக்கிறார்களே, ஒருத்தருக்கு அடிபட்டால் இன்னொருத்தரை இறக்க வேண்டியதுதானே? அந்தப் பையனின் படிப்பு என்ன ஆகும்? இந்தப் பேச்சில் நான் எப்படிக் கலந்துகொள்வது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் திருச்சியில் பிசியோதெரபி படித்துவிட்டு இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முழங்கால், கணுக்கால், தோள்பட்டை, இதுதான் என் வேலை. எங்கள் க்ளினிக்குக்கு ஹைஸ்கூலில் ஃபுட்பால் ஆடும் பையன்கள் நிறைய வருவார்கள். அதனால் காலிலிருந்தே தொடங்குகிறேன்.

முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்கிற ஜவ்வு முழுசாகக் கிழிந்தால், ஆபரேஷன் செய்து மறுபடி மைதானத்தில் இறங்கக் குறைந்தது 9 மாதம் வேண்டும். அவசரப்பட்டு முன்னாடியே இறங்கினால் மறுபடி கிழியும் அபாயம் கூடுதல். ஆட்டமோ ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடிகிறது, மொத்தம் 12 ஆட்டம்தான்; பட்டத்துக்கான ஆட்டங்கள் அதற்குப் பிறகு, முன்னேறும் டீம்களுக்கு மட்டும். ஆகஸ்டில் கிழிந்தால் அந்த வருஷம் போயிற்று, ஆனால் அடுத்த ஆகஸ்டுக்குள் ஆள் தயார். நவம்பரில் கிழிந்தால் அந்த சீசனின் முக்கியமான ஆட்டங்களும் போய், வசந்தகாலப் பயிற்சியும் போய், அடுத்த ஆகஸ்டில் எல்லோரும் ஓடும்போது இவன் பாதி ஓட்டத்தில்தான் இருப்பான். காலேஜில் ஆட மொத்தம் கிடைப்பது 5 வருஷத்துக்குள் 4 சீசன். அதில் ஒன்றோ ஒன்றரையோ போவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். சீசனின் தொடக்கத்திலேயே அடிபட்டு, சில ஆட்டங்கள் மட்டும் ஆடியிருந்தால், மருத்துவக் காரணம் காட்டி அந்த வருஷத்தைத் திரும்பக் கேட்கலாம். பாதி சீசன் தாண்டிய பிறகு அடிபட்டால் அந்த வழியும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து இரண்டாவது வாரம் வரும் பையனின் தொடையை நீங்கள் பார்க்க வேண்டும். டேப் வைத்து இரண்டு தொடையையும் அளப்போம். அதற்குள்ளேயே அந்தப் பக்கம் இளைத்திருக்கும், கண்ணுக்கே தெரியும். நாங்கள் முதலில் கேட்பது பெரிய பயிற்சி எதுவும் இல்லை. மல்லாந்து படு, முழங்காலின் பின்பக்கம் மேஜையைத் தொடும்படி காலை நேராக நீட்டு. அவ்வளவுதான். போன மாதம் வரை நூறு கிலோ ஆளை இடித்துத் தள்ளியவன், அந்த ஒரு விரல்கடை இடைவெளியை அழுத்த முடியாமல் பல்லைக் கடிப்பான். பக்கத்தில் அவன் அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். உங்கள் லேபில் இருப்பவர்களில் பாதிப் பேர் பள்ளியில் ஏதாவது ஆட்டம் ஆடியவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு அந்த மேஜை தெரியும். பேச்சு வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, நூறு பேர் கணக்கு. 2025-லிருந்து ஒரு டீமில் 105 பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அதற்கு முன் 85 பேருக்கு ஸ்காலர்ஷிப், மற்றவர்கள் உதவித்தொகை இல்லாமல் தாங்களாகவே வந்து சேரும் வாக்-ஆன்கள். கேட்க நிறையத்தான் தெரியும். ஆனால் கிரிக்கெட் மாதிரி ஒரே 11 பேர் பேட்டிங்கும் ஃபீல்டிங்கும் செய்வதில்லை. தாக்குவதற்கு 11, தடுப்பதற்கு வேறு 11, உதைப்பதற்குத் தனி ஆட்கள். ஒவ்வொரு இடத்துக்கும் உடம்பு வேறு, வேலை வேறு. இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை என்று பிரித்தால் ஓர் இடத்துக்கு மூன்று நான்கு பேர்தான் தேறுவார்கள். அந்த வரிசைப் பட்டியலைத்தான் டெப்த் சார்ட் என்கிறார்கள். பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை நடத்துபவர் குவாட்டர்பேக். அந்த இடத்தில் இன்னொரு சிக்கல்: பயிற்சியில் பெரும்பாலான நேரம் முதல் ஆளுக்கே போய்விடும். இரண்டாமவருக்கு மிச்சம் மீதி. மூன்றாமவர் பல நாள் தன் டீமின் ஆட்டத்தையே ஆடுவதில்லை, அடுத்த வாரம் வரப்போகும் எதிரணி எப்படி ஆடும் என்று நடித்துக் காட்டுவதுதான் அவர் வேலை. அப்படிப்பட்டவரை ஒரு லட்சம் பேர் முன்னால் திடீரென்று இறக்க வேண்டும்.

இந்த ஊரில் அது நடந்திருக்கிறது. 2014 கதையை நீங்கள் தெரிந்துகொள்ளாமல் இங்கே குளிர்காலத்தைத் தாண்டக் கூடாது.

அந்த ஆகஸ்டில் முதல் குவாட்டர்பேக் ப்ராக்ஸ்டன் மில்லருக்குத் தோள்பட்டை போயிற்று. சீசன் தொடங்கும் முன்னேயே அவர் இல்லை. ஜே.டி. பாரெட் என்ற புதுப்பையன் இறங்கினார். இரண்டாவது ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் 35-21 என்று தோல்வி. அவ்வளவுதான் என்று ஊரே கைவிட்டது. அந்தப் பையன் அதற்குப் பிறகு ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நவம்பர் 29, மிச்சிகனுடன் ஆட்டம். அந்த வாரம் கேம்பஸ் போர்டுகளில் இருக்கும் 'எம்' எழுத்தையெல்லாம் சிவப்பு டேப் ஒட்டி மறைப்பார்கள், நீங்களே பார்ப்பீர்கள். நானும் அன்று மைதானத்தில் இருந்தேன். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியின் தொடக்கத்தில் பாரெட் விழுந்தார், எழவில்லை. கணுக்கால் முறிந்திருந்தது. அத்தனை கூட்டத்திலும் சத்தமே இல்லை. மிச்சிகனின் குவாட்டர்பேக் டெவின் கார்ட்னர் அவரிடம் வந்து குனிந்து பேசினார். பரம எதிரி டீமின் ஆள், அந்த ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தவர். இத்தனை வருஷத்தில் இந்த மைதானத்தில் நான் பார்த்ததில் எனக்குப் பெரிது அதுதான்.

ஆட்டத்தை நம் டீம் 42-28 என்று ஜெயித்தது, ஆனால் கையில் மிச்சம் இருந்தது மூன்றாவது ஆள் மட்டுமே. கார்டேல் ஜோன்ஸ், காலேஜில் ஒரு ஆட்டத்தைக்கூட முதல் ஆளாகத் தொடங்காதவர். ஒரே வாரத்தில் இண்டியானாபோலிஸில் விஸ்கான்சினுடன் எங்கள் லீகான பிக் டென்னின் இறுதி ஆட்டம். 59-0. ஜனவரி 1 அன்று அலபாமாவை 42-35. ஜனவரி 12 அன்று டெக்ஸஸில் ஆரிகனை 42-20. நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்க நான்கு டீம்கள் மோதும் பிளேஆஃப் முறை வந்த முதல் வருஷமே சாம்பியன்.

இதைக் கேட்டுவிட்டு "பார்த்தீர்களா, இன்னொருத்தரை இறக்கினால் போதும்" என்று சொல்லிவிடாதீர்கள். ஜோன்ஸ் ஒருவரால் ஆனது இல்லை அது. எஸகியல் எலியட் என்ற ஓட்டக்காரர் கடைசி ஆட்டத்தில் மட்டும் 246 கெஜம் ஓடினார். அவருக்கு முன்னால் எதிராளிகளைத் தடுத்து வழி திறந்துவிட்ட முன்வரிசை உறுதியாக இருந்தது. புது ஆள் பிழைப்பது அவரைச் சுற்றி இருக்கும் பத்துப் பேரால்.

2017-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு காயம் யார் யார் வாழ்க்கையைத் திருப்பும் என்று யாராலும் கணக்குப் போட முடியாது. அந்த ஆகஸ்டில் பயிற்சியில் ஒரு பையனுக்குக் கையில் எலும்பு முறிந்தது. அதனால் ட்வேய்ன் ஹாஸ்கின்ஸ் பாரெட்டுக்கு அடுத்த ஆளானார். நவம்பரில் மிச்சிகன் மைதானத்தில் பாரெட்டின் முழங்கால் மக்கர் செய்ய, ஹாஸ்கின்ஸ் இறங்கி ஆட்டத்தை 31-20 என்று ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் முதல் ஆள் அவர்தான். கை முறிந்த பையன் இனி இங்கே இடமில்லை என்று டிகிரியை முடித்துக்கொண்டு லூயிசியானாவில் எல்.எஸ்.யு.வுக்குப் போனார். அவர் பெயர் ஜோ பர்ரோ. 2019-ல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருதும் சாம்பியன் பட்டமும் அவருக்கு.

2024-ல் மறுபடி சாம்பியன் ஆனபோது காயம் பட்டது யாரும் டிவியில் கவனிக்காத இடத்தில். அக்டோபரில் ஆரிகனில், முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டாக்கிள் ஜோஷ் சிம்மன்ஸின் முழங்கால். நவம்பரில் பயிற்சியின்போது, அதே வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் செத் மெக்லாக்லினின் குதிகால் தசைநார். இருவருக்கும் சீசன் முடிந்தது. பக்கத்து இடத்தில் ஆடிக்கொண்டிருந்த டோனவன் ஜாக்சனை டாக்கிளுக்கு நகர்த்தி, கார்சன் ஹின்ஸ்மனை நடுவில் போட்டு, முன்வரிசையையே மாற்றிக் கட்டினார்கள். பிளேஆஃப் 12 டீம்களாகப் பெருகிவிட்டதால் அந்த சீசனில் 16 ஆட்டம். அத்தனைக்கும் உடம்பு தாங்க வேண்டும். முதல் வரிசை மட்டும் வைத்துக்கொண்டு இனி யாரும் ஜனவரி வரை போக முடியாது.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. 2023-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, 13-0. ஆனால் நவம்பரில் குவாட்டர்பேக் ஜோர்டன் ட்ராவிஸின் கால் போயிற்று. பிளேஆஃபுக்கு நான்கு டீம்களைத் தேர்ந்தெடுத்த குழு, அவர் இல்லாமல் இது வேறு டீம் என்று சொல்லி, ஒரு ஆட்டம் தோற்ற அலபாமாவை எடுத்துக்கொண்டது. ட்ராவிஸ் என்ன சொன்னார் தெரியுமா? என் கால் இன்னும் முன்னாடியே உடைந்திருக்கக் கூடாதா, இந்த டீம் என்னைவிடப் பெரியது என்று அப்போதே தெரிந்திருக்குமே என்று. எனக்கு இன்றும் அந்தக் குழுவின் மேல் கோபம் தீரவில்லை. இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் இறங்கி ஜெயித்துக் கொடுத்த ஆட்டங்களை ஆட்டமே இல்லை என்று சொன்னதாகத்தான் அர்த்தம்.

இன்னொன்று, இப்போது இரண்டாவது வரிசையைத் தக்கவைப்பதே கஷ்டம். 2018-ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, வேறு காலேஜுக்கு மாற நினைக்கும் ஆட்டக்காரர்களின் பெயர் பதியும் பட்டியல் அது. 2021-லிருந்து ஒரு முறை வேறு காலேஜுக்கு மாறினால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டியதில்லை. 2024-லிருந்து படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். ஆட்டக்காரர்களுக்குப் பணமும் வருகிறது, அது நியாயம்தான், உடம்பைக் கொடுப்பவர்கள் அவர்கள். ஆனால் நல்ல பையன் இரண்டு மூன்று வருஷம் பெஞ்சில் காத்திருக்க இனி காரணம் இல்லை. அதனால்தான் முதல் ஆள் விழும்போது ஊர் முன்னைவிட அதிகமாகப் பதறுகிறது.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அது போகாது. 2015-லிருந்து பெரிய காலேஜ்களில் காயத்தைக் காரணம் காட்டி ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக் கூடாது. 2024-லிருந்து, ஆட்டத்தில் பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவைக் காலேஜை விட்டுப் போன பிறகும் குறைந்தது 2 வருஷம் காலேஜே பார்க்க வேண்டும்.

அப்புறம், நீங்கள் பேசுவது பற்றி. விதியெல்லாம் படித்துக்கொண்டு போக வேண்டாம். "அந்தப் பையன் எப்படி இருக்கிறான்? அடுத்து யார் இறங்குகிறார்?" இந்த இரண்டைக் கேளுங்கள். இதே வரிசையில் கேளுங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்துச் சொல்வார்கள். ஆட்டம் பார்க்கும்போது ஓரத்தில் நீலக் கூடாரம் ஒன்று விரியும், உள்ளே டாக்டர் பார்ப்பார். பையன் வெளியே வரும்போது அவருடைய ஹெல்மெட்டை ட்ரெய்னர் கையில் வைத்திருந்தால் அன்றைக்கு அவர் திரும்ப இறங்கமாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது மைதானத்தைப் பார்க்காமல் பெஞ்ச் பக்கம் பாருங்கள், ஒரு பையன் எழுந்து பந்தை வாங்கித் தோளைச் சூடேற்றிக்கொண்டிருப்பான்.

சீசன் டிக்கெட் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஏப்ரலில் டீம் தனக்குள்ளேயே பிரிந்து ஆடும் வசந்தகால ஆட்டத்துக்கு டிக்கெட் மலிவு. அதற்கும் கூட்டம் வரும், 2016-ல் ஒரு லட்சத்துக்கு மேல் வந்தார்கள். அன்றைக்கு இரண்டாவது, மூன்றாவது வரிசைப் பையன்களே அதிகம் ஆடுவார்கள். நாங்கள் தமிழ்க் குடும்பங்கள் சில பேர் சேர்ந்துதான் போவோம். மார்ச்சில் ஞாபகப்படுத்துங்கள், உங்களுக்கும் சேர்த்து எடுத்துவிடுகிறேன். குளிரும், ஜாக்கெட் கொண்டு வாருங்கள்.