கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்: புயலின்போது வீட்டிலேயே இருக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உறுதியான கான்கிரீட் கட்டடம். கடந்த இரண்டு புயல்களின்போது அதிகாரிகள் சொன்னபடி வெளியேறினோம். திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அடுத்த முறை வீட்டிலேயே இருந்துவிடலாமா?

பதில்: படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை போய் வந்திருக்கிறீர்கள். அந்த அலைச்சல் சாதாரணமானது அல்ல. ஆனால் கடலுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தையும் சுவரின் உறுதியையும் மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. உங்கள் வீட்டுத் தரை கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது? முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

புயல் என்றதும் நமக்குக் காற்று நினைவுக்கு வருகிறது. பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்த புயல்களிலோ மக்களைக் கொன்றது பெரும்பாலும் தண்ணீர். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய போலா புயலில் 3 லட்சம் பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அதில் பெரும்பாலோர் கடல்நீரில் மூழ்கியவர்கள். புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறையும்போது, ஒவ்வொரு மில்லிபார் குறைவுக்கும் கடல்மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும். இது சிறு பங்குதான். பெரும் பங்கு காற்றுக்கு: அது மணிக்கணக்கில் தண்ணீரைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கரையை ஒட்டிய கடல் ஆழமாக இருந்தால் தண்ணீர் அடிவழியே திரும்பிவிடும். ஆழமில்லாவிட்டால் போக இடமின்றி ஊருக்குள் ஏறும். இதைப் புயல் எழுச்சி என்கிறோம். இது வந்து உடைந்து திரும்பும் அலை அல்ல. கடலே மட்டம் உயர்ந்து நிற்கும், அதன் மேல் அலைகள் அடிக்கும்.

பெயர் புரியாததால் போன உயிர்களும் உண்டு. 2013இல் ஹையான் புயல் வரும் முன் பிலிப்பைன்ஸின் டக்ளோபான் நகரில் எழுச்சி எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அந்தச் சொல்லின் பொருள் பலருக்குத் தெரியவில்லை. ‘சுனாமி போல வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்’ என்ற பொருளில் பலர் பின்னர் வருந்தினார்கள். அங்கே தாழ்வான இடத்தில் இருந்த சில தங்குமிடங்களுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. எனவே நீங்கள் போகும் முகாமின் தரை உயரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் இரண்டு முறை ஏன் ஒன்றும் ஆகவில்லை? பூமியின் வடபாதியில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. அது நகரும் திசையை நோக்கி நின்றால், வலப்பக்கக் கரையில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும்; இடப்பக்கக் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். (தென்பாதியில் இது மாறும்.) ஒரே புயல் ஓர் ஊருக்குள் கடலை ஏற்றிவிட்டு, சற்றுத் தள்ளி இன்னோர் ஊரில் கடலை உள்வாங்கச் செய்யலாம். கரையைக் கடக்கும் இடத்தை ஒரு நாள் முன்பு கணிக்கும்போது பல பத்துக் கிலோமீட்டர் பிசகுவது இன்றும் இயல்பு. நீங்கள் வெளியேறியது வீண் அல்ல. புயல் மறுபக்கம் விலகிப் போயிருக்கலாம்.

வீட்டின் உயரத்தைக் கைப்பேசியில் பார்க்காதீர்கள், அது பல மீட்டர் தவறலாம். நில அளவை வரைபடத்தைப் பாருங்கள், ஊராட்சிப் பொறியாளரிடம் கேளுங்கள், பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்று முதியவர்களை விசாரியுங்கள். எச்சரிக்கையில் ‘வழக்கமான ஓதத்தைவிட (கடல்நீரின் அன்றாட ஏற்றத்தைவிட) 2 மீட்டர் உயரும்’ என்று வந்தால், அன்றைய உயர் ஓதத்தையும் அலையின் உயரத்தையும் அந்த 2 மீட்டரோடு கூட்ட வேண்டும். உங்கள் தரை அதைவிடத் தெளிவாக உயரத்தில் இல்லையென்றால் வெளியேறத்தான் வேண்டும். வெளியேறும்படி அதிகாரிகள் உத்தரவிட்டால் இந்தக் கணக்குக்கே இடமில்லை, கிளம்பிவிடுங்கள். கட்டடம் உறுதியாக இருந்தும், அடித்தளத்து மணலை ஓடும் நீர் அரித்துச் சாய்த்த வீடுகள் உண்டு.

இன்னொன்று, தண்ணீர் கடற்கரைப் பக்கமிருந்துதான் வரும் என்று நினைக்காதீர்கள். முகத்துவாரம், கால்வாய், உப்பங்கழி வழியாக வீட்டின் பின்பக்கமாகவும் வரலாம். நீங்கள் வெளியேறும் சாலையை ஒரு முறை முழுக்க நடந்து பாருங்கள். அதன் மிகத் தாழ்வான இடம் எதுவோ, அங்கே தண்ணீர் ஏறும் முன் நீங்கள் அதைத் தாண்டியிருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஓடும் நீரே ஆளைத் தள்ளிவிடும். காற்று வலுத்த பிறகு ஆம்புலன்ஸும் வராது. மாமியாரை முதல் எச்சரிக்கையிலேயே, வானம் தெளிவாக இருக்கும்போதே, உள்நாட்டில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நடுவே காற்று சட்டென ஓய்ந்தால் யாரும் வெளியே போக வேண்டாம்; அது புயலின் கண்ணாக, அதாவது காற்று ஓய்ந்திருக்கும் நடுப்பகுதியாக இருக்கலாம், மறுபாதிக் காற்று எதிர்த்திசையிலிருந்து வரும்.

சுனாமிக்கு இந்த வழக்கம் உதவாது. புயல் நாள்கணக்கில் அவகாசம் தரும். அருகில் நிலநடுக்கம் நேர்ந்தால் சில நிமிடங்களே கிடைக்கும். நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ சைரனுக்குக் காத்திராமல் வண்டியை எடுக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். 1907 சுனாமியின் நினைவைப் பாட்டாகவும் கதையாகவும் காத்துவந்த இந்தோனேசியாவின் சிமுலுவே தீவு மக்கள், 2004இல் நடுக்கம் நின்றதும் மலையேறினார்கள். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகிலிருந்த அந்தத் தீவில் ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். முதல் அலைக்குப் பிறகு யாரும் இறங்கி வரக்கூடாது. அடுத்த அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

ஒரு குடும்பம் தனியாகச் செய்யக்கூடியது இவ்வளவே. மீதி ஊர் சேர்ந்து செய்ய வேண்டியது. வங்கதேசம் 1972இல் தொடங்கிய புயல் தயார்நிலைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று எச்சரிக்கிறார்கள், முகாமுக்கு அழைத்துப் போகிறார்கள். 2007இல் கடுமையான சிதர் புயலில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். அதுவும் தாங்க முடியாத எண்ணிக்கைதான், ஆனாலும் 1970ஐ நினைத்துப் பாருங்கள். எச்சரிக்கை, முகாம், வீட்டு வாசலுக்கே வந்து அழைக்கும் ஆள் எல்லாம் சேர்ந்ததன் பலன் இது. அலையாத்திக் காடும் மணல்மேடும் அலையின் வேகத்தை உடைக்கும். புயலில் உயர்ந்துவரும் கடல்மட்டத்தை ஒரு குறுகிய மரவரிசை தடுத்துவிடாது. ஆனாலும் காட்சிக்காகவோ பாதைக்காகவோ மணல்மேட்டை வெட்ட யார் கேட்டாலும் விடாதீர்கள். வெட்டிய இடம்தான் தண்ணீருக்கு வாசல்.

இந்த வாரமே ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், நடக்க முடியாதவர்களின் பட்டியலில் மாமியார் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்படியொரு பட்டியல் இல்லையென்றால் அவர் பெயரிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.