பிரச்சாரம் வேறு, புரோபகண்டா வேறு

கேள்வி: ஓட்டு கேட்டு வந்தவர்கள் கொடுத்த நோட்டீஸைக் கல்லூரியில் படிக்கும் என் மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, 'எல்லாம் புரோபகண்டா' என்று தூக்கிப் போட்டாள். அகராதியில் பார்த்தால் 'பிரச்சாரம்' என்றுதான் இருக்கிறது. பிரச்சாரம் செய்வது தப்பா?
– வாசகர் ஒருவர், திருவட்டாறு

பதில்: தப்பே இல்லை. உங்கள் அகராதி பழைய பொருளை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டது, உங்கள் மகள் புதிய பொருளை மட்டும் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

வேரிலிருந்து வருவோம். கொடியை வெட்டாமல் வளைத்து மண்ணில் புதைத்து, வேர் பிடித்த பிறகு தனியே பிரித்து நடுவதைப் பதியன் போடுவது என்போம் இல்லையா, அந்தப் பதியனுக்கு இலத்தீனில் 'புரோபாகோ' என்று பெயர். தோட்டக்காரர் சொல். அதிலிருந்துதான் பரப்புதல் என்ற பொருள் கிளைத்தது. 1622-ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, கிறிஸ்தவ விசுவாசத்தைப் பரப்பும் வேலைக்காக ரோமில் ஒரு பேராயத்தை, அதாவது திருச்சபையின் துறை ஒன்றை, தொடங்கியபோது அதன் பெயரிலேயே 'புரோபகாந்தா' இருந்தது. நம் கோட்டாறு மறைமாவட்டம் 1930-ல் உருவானபோதும் அந்தப் பேராயத்துக்கு அதே பெயர்தான், 1967-ல்தான் மாற்றினார்கள். காந்தி கதருக்காகவும் தீண்டாமை ஒழிப்புக்காகவும் ஆங்கிலத்தில் எழுதும்போது இதே சொல்லைக் கூச்சமில்லாமல் பயன்படுத்தியிருக்கிறார், அங்கே அது நல்ல வேலையின் பெயர்.

அப்புறம் எப்படிக் கெட்டது? முதல் உலகப் போரில்தான். பிரிட்டன் 1914-லேயே இதற்கென்று ரகசியமாக ஓர் அலுவலகம் நடத்தியது, அமெரிக்கா 1917-ல் போருக்குள் வந்த கையோடு ஒரு கமிட்டி போட்டது, ஜெர்மனியும் தன் பங்குக்குச் செய்தது. எதிரி செய்ததாகச் சொன்ன கொடுமைகளில் பல ஊதிப் பெருக்கியவை, சில முழுக் கட்டுக்கதை என்று போர் முடிந்த பிறகு தெரியவந்தபோது, மகனைப் போருக்கு அனுப்பிவிட்டு இழந்த குடும்பங்களுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1933-ல் ஹிட்லர் ஆட்சி அந்தப் பெயரிலேயே அமைச்சகம் வைத்து கோயபல்ஸிடம் கொடுத்த பிறகு, ஆங்கிலத்தில் அந்தச் சொல் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. (பிரேசிலில் இன்றைக்கும் சோப்பு விளம்பரத்தைக்கூட 'புரோபகாந்தா' என்றுதான் சாதாரணமாகச் சொல்கிறார்கள்.)

உங்கள் மகளிடம் நான் சொல்ல நினைப்பது இதுதான். புரோபகண்டா என்றால் பொய் என்று பொருள் இல்லை. ஒரு பாலம் கட்டினார்கள் என்று வையுங்கள், அது உண்மை. நிலம் கொடுத்தவர்களுக்கு இன்னும் பணம் வரவில்லை, அதுவும் உண்மை. முதல் உண்மையை மட்டும் நாள்தோறும் படம் போட்டுக் காட்டி, இரண்டாவதைக் கேட்கவே தோன்றாதபடி திட்டம் போட்டுச் செய்தால், ஒரு வரி பொய் இல்லாமலேயே அது புரோபகண்டா. அதேபோல ஒரு பக்கம் மட்டும் பேசுவதெல்லாம் புரோபகண்டாவும் ஆகாது. தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராட்டத் தலைவர் நேசமணியும் மற்றவர்களும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊர் ஊராகப் பேசினார்களே, 1954-ல் துப்பாக்கிச் சூட்டுக்குச் சிலர் உயிரைக்கூடக் கொடுத்தார்களே, 1956 நவம்பர் 1-ல் சேர்ந்தோமே, அது முழுக்க ஒரு பக்கத்துப் பேச்சுதான். ஆனால் பேசுகிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும், மறுத்துப் பேசவும் முடியும். அதற்குப் பிரச்சாரம் என்று பெயர், மானமுள்ள சொல், அதைக் கெடுக்க வேண்டாம்.

இதில் பத்திரிகைக்காரர்களான எங்கள் பங்கும் உண்டு. ஆங்கிலச் செய்தியில் 'கேம்பெய்ன்' வந்தாலும் பிரச்சாரம், 'புரோபகண்டா' வந்தாலும் பிரச்சாரம் என்று மொழிபெயர்த்துவிடுகிறோம், நானும் அப்படி எழுதியவன்தான். இப்போது முன்னதற்குப் பிரச்சாரம் அல்லது பரப்புரை, பின்னதைப் புரோபகண்டா என்றே விட்டுவிடுகிறேன். வீடு வீடாக வந்து ஓட்டு கேட்பது பிரச்சாரத்தில் ஒரு வகை, அது 'கேன்வாசிங்', நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்று கவனியுங்கள், புரோபகண்டாவுக்கு முன்னால் 'எ' போடக் கூடாது, பின்னால் 'எஸ்' சேர்த்துப் பன்மையாக்கவும் கூடாது, தண்ணீரை எண்ண முடியாத மாதிரிதான்.

சரி, அந்த நோட்டீஸ் வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்து மகளிடம் கொடுத்து, 'இதில் எந்த வரி புரோபகண்டா, எதை மறைத்திருக்கிறார்கள்?' என்று கேளுங்கள். அவள் ஒரு வரியைக் காட்டி, மறைத்தது இன்னது என்று சொல்லிவிட்டால் எனக்கு எழுதி அனுப்புங்கள், எந்தக் கட்சி நோட்டீஸாக இருந்தாலும் அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.