வெண்கலத்துக்குள் ஒரு பெண்: 'குரூசிபிள் ஆஃப் டெரர்' (1971) கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இப்படி ஒரு பிரிட்டிஷ் திகில் படம் இருப்பதே தெரியாது. கதை என்ன?

பதில்: விக்டர் கிளேர் என்று ஒரு சிற்பி. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலில், கைவிடப்பட்ட வெள்ளீயச் சுரங்கத்தை ஒட்டி வாழ்கிறார். அவருடைய சிலைகளை மகன் திருட்டுத்தனமாக லண்டனுக்குக் கொண்டுவர, கடனில் தவிக்கும் கலைப்பொருள் வியாபாரி ஒருவர் அவற்றை விற்கிறார். நல்ல காசு. இன்னும் வாங்கலாம் என்று காதலியோடு கார்ன்வாலுக்குப் போகிறார். அங்கே ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

கேள்வி: முதல் காட்சியில் பெண்ணின் மேல் அச்சு கட்டி, உருகிய வெண்கலத்தை ஊற்றுகிறாரே, நிஜத்தில் அப்படிச் சிலை வருமா சார்?

பதில்: வராது. மெழுகில் உருவம் செய்து, மேலே அச்சு கட்டி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். மெழுகு இருந்த காலி இடத்தில்தான் வெண்கலம் போய் உட்காரும். இங்கே உள்ளே ஆளே இருக்கும்போது உலோகம் எங்கே போகும்? அதைவிடப் பெரிய சிக்கல் ஈரம். வெண்கலத்தை 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஊற்றுகிறோம். அச்சில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே நீராவி கிளம்பி உலோகத்தை வெளியே துப்பிவிடும். அதனால்தான் அச்சை நன்றாகச் சுட்டுக் காயவைக்கிறார்கள். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். சிலை கிடைக்காது, பட்டறைக் கூரைதான் பறக்கும். ஆனாலும் படத்தில் நிஜமாகவே பயமுறுத்துகிற இடம் இந்த ஆரம்பம்தான்.

கேள்வி: சிற்பியாக நடித்தவர் யார்? டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீ சாயல் இருக்கிறதே?

பதில்: அப்படித் தெரியவேண்டும் என்பதுதான் அவர் ஆசையும்! மைக் ரேவன். கடலில் கப்பல், பழைய கோட்டை என்று இருந்துகொண்டு உரிமமில்லாமல் ஒலிபரப்பிய வானொலிகளில் பேர் வாங்கி, 1967-இல் பிபிசி ரேடியோ 1 தொடங்கியபோது அங்கே போனவர். ரிதம் அண்ட் ப்ளூஸ் என்கிற கறுப்பின அமெரிக்கர்களின் இசையை பிரிட்டிஷ் வீடுகளுக்குள் கொண்டுபோன குரல். அப்புறம் சினிமா ஆசை. 'லஸ்ட் ஃபார் எ வேம்பயர்' என்ற ரத்தக்காட்டேரிப் படத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? குரலாலேயே பிழைத்த மனிதருக்கு வேலன்டைன் டயல் என்ற வேறொரு நடிகரைக் கூப்பிட்டு டப்பிங் கொடுத்தார்கள். கண்களின் குளோசப்புக்கு லீயின் பழைய படத்துண்டை ஒட்டினார்கள். இந்தப் படத்தில்தான் முகமும் குரலும் அவருடையவை. நடிப்பு விறைப்புதான், ஆனால் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இன்னொரு கூத்து: சினிமாவை விட்டபின் கார்ன்வாலிலேயே, போட்மின் மூர் பகுதியில் குடியேறி நிஜமாகவே சிற்பி ஆனார். 1997-இல் காலமானார்.

கேள்வி: 'பீப்பிங் டாம்' மாதிரி ஆழமான படமா?

பதில்: இல்லை தோழர். பெண்களைக் கொன்று அதைப் படம்பிடிக்கும் ஒருவனைப் பற்றி மைக்கேல் பவல் இயக்கிய அந்த 1960 படம் பார்க்கிற நம்மையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். இது அந்த வம்புக்கே போகவில்லை.

கேள்வி: முடிவு தலைசுற்றுகிறது. கொலை செய்தது யார்?

பதில்: படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள். ஆரம்பத்தில் சிலையாக்கப்பட்ட பெண்ணின் கிமோனோதான், அதாவது ஜப்பானிய அங்கிதான், எல்லாவற்றுக்கும் காரணம். அதன் வழியாக அவளுடைய ஆவி வியாபாரியின் காதலிக்குள் புகுந்து பழி தீர்க்கிறது. சிற்பிதான் கொலைகாரன் என்று ஒன்றரை மணி நேரம் நம்மை நம்பவைத்துவிட்டு, கடைசியில் அவசர அவசரமாகப் பேயைக் கொண்டுவருகிறார்கள். எனக்கு அது அழுகுணி ஆட்டம்தான்.

கேள்வி: மகனாக வருபவரை எங்கேயோ பார்த்திருக்கிறேன்…

பதில்: ரொனால்ட் லேசி. 1981-இல் வந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' படத்தில் கையைச் சுட்டுக்கொள்ளும் கண்ணாடிக்கார நாஜி அவர்தான்.