நாற்காலி அடுக்கும் பௌத்தம்

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவில் பதினான்கு வருடங்களாக இருக்கிறேன். மென்பொருள் வேலை. கோவிட் காலத்தில் அப்பா ஊரில் இறந்துபோனார். போக முடியவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்ததை வாட்ஸாப்பில் பார்த்தேன். மறு வருடம் ஜூலையில், உடன் வேலை பார்க்கும் ஜப்பானிய அமெரிக்க நண்பரின் அம்மா, தங்கள் கோயிலில் இறந்தவர்களை நினைத்து நடக்கும் ஒபோன் விழாவுக்கு அழைத்தார். அப்பாவின் பெயரைக் கேட்டு, ஜப்பானிய எழுத்தில் காகித விளக்கு ஒன்றில் எழுதிக் கட்டிவிட்டார். அதற்குக் கீழே நின்று அழுதேன். அதுவரை அழவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறேன். அமிதாப புத்தரை வணங்கும் ஜோதோ ஷின்ஷு என்ற ஜப்பானிய பௌத்தப் பிரிவின் கோயில். பெரும்பாலும் நாற்காலி அடுக்குவது, சமையலறையில் பாத்திரம் கழுவுவது. இப்போது என்னை 'மினிஸ்டர்ஸ் அசிஸ்டென்ட்', அதாவது குருக்களுக்கு உதவியாளர், பயிற்சிக்குச் சேரச் சொல்கிறார்கள். எனக்குத் தியானம் வராது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் கால் மரத்துவிடும். ஜென் மையத்துக்குப் போகும் அலுவலக நண்பர், "அங்கே இருப்பது பௌத்தமே இல்லை, கிறிஸ்தவ சர்ச்சின் நகல்" என்கிறார். அம்பேத்கரியரான ஒரு நண்பர், அமிதாபரும் சொர்க்கமும் மூடநம்பிக்கை என்கிறார். அம்மா ஃபோனில் "மதம் மாறிட்டியா?" என்று கேட்டார். நான் என்ன செய்யட்டும்?

கா., கலிஃபோர்னியா

அன்புள்ள கா.,

'மினிஸ்டர்ஸ் அசிஸ்டென்ட்' என்று அம்மாவிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால், மகன் மதம் மாறினான் என்பதைவிட மந்திரிக்கு பி.ஏ. ஆகிவிட்டான் என்றுதான் தெருவில் செய்தி பரவியிருக்கும்.

உங்கள் ஜென் நண்பர் சொல்வதை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் அந்தப் பக்கம் வந்தபோது, இப்படி ஒரு கோயிலுக்கு ஒரு ஞாயிறு காலை அழைத்துப்போனார்கள். வரிசையாக மரப் பெஞ்சுகள், பாட்டுப் புத்தகம், ஆர்கன். எதிரே பொன் நிறத்தில் அமிதாபர் நிற்காவிட்டால் வேறு எங்கோ வந்துவிட்டோம் என்றே நினைத்திருப்பேன். அதற்கு முந்தைய வருடம்தான் பத்து நாள் மௌன முகாம் ஒன்றை முடித்திருந்தேன். அந்தத் திமிரும் கூட இருந்தது. வழிபாடு முடிந்ததும் ஒரு பாட்டி கையில் மாவுருண்டை ஒன்றை வைத்து, எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். சட்டென்று கைகூப்பிக் குனிந்தார். அது எனக்கான கும்பிடு இல்லை என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது.

பிறகுதான் அந்தப் பெஞ்சுகளின் கதையைத் தேடிப் படித்தேன். 1898இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜப்பானிய இளைஞர்கள் பௌத்த வாலிபர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மறு வருடம் கியோட்டோவின் ஹொங்வான்ஜி தலைமைக் கோயில் இரண்டு குருமார்களை அனுப்பியது. புலம்பெயர்ந்து வயலிலும் ரயில் பாதையிலும் வேலை பார்த்தவர்களுக்குக் கல்யாணம், கருமாதி செய்துவைக்க ஆள் வேண்டியிருந்தது. ஊரோ அவர்களைச் சந்தேகமாகப் பார்த்தது. பெஞ்சு, ஞாயிறு வழிபாடு, பிள்ளைகளுக்குத் தர்மப் பள்ளி எல்லாம் அந்தப் பார்வைக்கு நடுவில் வாழப் பழகியவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு.

1941 டிசம்பரில் பெர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் முதல் கைதுகளிலேயே பௌத்த குருமார்கள் இருந்தார்கள். பல வீடுகளில் பயந்துபோய் சூத்திரப் புத்தகங்களை எரித்தார்கள், கொல்லையில் புதைத்தார்கள். அப்புறம் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். பாதிக்கு மேல் அமெரிக்கக் குடிமக்கள். முகாமில் புத்தர் பிறந்தநாள் வந்தபோது சிலை இல்லை. ஒரு கேரட்டைக் குழந்தை புத்தராகச் செதுக்கி வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். 'புத்திஸ்ட் சர்ச்சஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பெயரும் முகாமில் வைத்ததுதான். 1944இல், யூட்டாவின் டோபாஸ் முகாமில். 'சர்ச்' என்ற அந்தச் சொல்லை நகல் என்கிறவர், அதை எந்த வேலிக்கு உள்ளேயிருந்து தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் நண்பரின் ஜென்னுக்கும் இதோடு உறவு உண்டு. ஜென் குரு ஷுன்ர்யு சுசுகி 1959இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்தது அமெரிக்கர்களுக்குத் தியானம் கற்றுத்தர அல்ல. புஷ் தெருவில் பழைய யூத ஆலயக் கட்டடம் ஒன்றில் நடந்த சொகோஜி என்ற ஜப்பானியக் கோயிலுக்கு குருக்களாக வந்தார். அந்தக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமையும் திதி நாள்களிலும் வந்தன. தியானத்தில் உட்கார அவர்களில் அநேகமாக யாருக்கும் ஆர்வமில்லை. விடியற்காலையில் உட்கார வந்தவர்கள் வெள்ளை இளைஞர்கள். ஒரே கட்டடம், ஒரே குரு, இரண்டு கூட்டம். பத்து வருடம் இப்படி ஓடியது. இருதரப்பும் ஒன்றையொன்று சகித்துக்கொண்டன என்றுதான் சொல்ல வேண்டும். 1969இல் கோயில் நிர்வாகம் பொறுமை இழந்தது. சுசுகி தியானக்காரர்களோடு பேஜ் தெருவுக்குப் போய்விட்டார்.

மேற்கில் பௌத்தம் வந்த கதையை எழுதியவர்களில் அநேகம் பேர் பேஜ் தெருவுக்குப் போனவர்கள். அதனால் கதையே 'ஒருவர் புத்தகம் படித்தார், ஆசியாவுக்குப் போனார், குருவைக் கண்டார், திரும்பி வந்து மையம் கட்டினார்' என்று அமைந்துவிட்டது. அதில் பொய் இல்லை. தாய்லாந்துக்கும் இந்தியாவுக்கும் போய்க் கற்றுவந்தவர்கள் 1976இல் மாசசூசெட்ஸின் பாரி என்ற சிற்றூரில் தொடங்கிய தியான மையம் இன்றும் நன்றாகவே நடக்கிறது. ஆனால் கொள்ளி வைக்க முடியாமல் போன ஒரு மகன், ஒரு காகித விளக்கின் கீழே நின்று உள்ளே வந்ததற்கு அந்தக் கதையில் இடம் இல்லை. புஷ் தெருவில் தங்கிவிட்டவர்களுக்கு நீங்கள் வந்த வழி நன்றாகவே புரியும்.

தியானம் வரவில்லை என்கிறீர்கள். உங்கள் பிரிவின் மூலவரே அப்படிச் சொல்லி மலையிறங்கியவர்தான். ஷின்ரான் ஒன்பது வயதில் துறவியானார். ஹியெய் மலையில் இருபது வருடம் துறவுப் பயிற்சி செய்தார். தன்னால் இதில் கரையேற முடியாது என்று 29 வயதில் இறங்கிவந்து ஹோனென் என்ற குருவிடம் சேர்ந்தார். 1207இல் அரசாங்கம் குருவையும் சீடரையும் துறவுப் பட்டத்தைப் பிடுங்கித் திசைக்கு ஒருவராக நாடுகடத்தியது. அதன் பிறகு தன்னைத் 'துறவியும் இல்லை, இல்லறத்தானும் இல்லை' என்று சொல்லிக்கொண்டார். எஷின்னி என்ற பெண்ணை மணந்து பிள்ளைகளோடு வாழ்ந்தார். விவசாயிகளுக்கு நடுவில் இருபது வருடம் போல இருந்தார். எனக்குச் சீடன் என்று ஒருவனும் இல்லை என்று அவர் சொன்னதாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். குறித்து வைத்தது சீடர்கள்தான், அது வேறு விஷயம். குருவைப் பீடத்தில் ஏற்றிவிட்டு, பிறகு அவர் செய்த அசிங்கங்களை மூடி மறைத்த மேற்கத்திய மையங்களின் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாக்கியம் நினைவுக்கு வருகிறது.

அம்பேத்கரிய நண்பரோடு நீங்கள் வாதாட வேண்டாம். அம்பேத்கர் 1956இல் சொர்க்கத்தைத் தேடி பௌத்தத்துக்குப் போகவில்லை, நண்பரின் கேள்வி நியாயமானது. ஆனால் சுகாவதி என்ற அமிதாபரின் சொர்க்கம் ஜப்பான்காரர்கள் இட்டுக்கட்டியது அல்ல என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். ஷின்ரான் வணங்கிய ஏழு ஆசான்களில் முதல் இருவர் நாகார்ஜுனரும் வசுபந்துவும். நம் பக்கத்து ஆட்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். அமெரிக்காவில் உங்கள் பிரிவுக்குச் சுமார் 60 கோயில்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் முழுநேர குருக்கள் இல்லை. ஒருவரே இரண்டு மூன்று ஊர்களைப் பார்க்க வேண்டிய நிலை. அதனால்தான் ஆசிரியர், நர்ஸ், ஓய்வுபெற்றவர், உங்களைப் போன்ற மென்பொருள்காரர் என்று குடும்பஸ்தர்களைத் தயார் செய்கிறார்கள். சம்பளம் கிடையாது. சூத்திரத்தை ராகத்தோடு ஓதப் பழக வேண்டும், ஞாயிறன்று பத்து நிமிடம் பேச வேண்டும். மேலே போக ஆசை இருந்தால் பின்னால் கியோட்டோவுக்குப் போய் 'தொகுதோ' என்கிற தீட்சை பெறலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் யோசிப்பது பேச்சைப் பற்றி அல்ல. 'மகுராக்யோ' என்று ஒன்று உண்டு. தலையணைச் சூத்திரம். இறந்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதுவது. நம் ஊரில் சிவபுராணம் படிப்பார்களே, அதற்கு நெருக்கமானது. குருக்கள் வேறு ஊரில் இருக்கும் ராத்திரியில் யாரோ ஒரு வீட்டுக்கு நீங்கள் போக நேரலாம். அந்த வீட்டு மகன் எங்கோ தொலைவில் ஃபோன் திரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம். நாற்பத்தொன்பதாம் நாள், முதல் வருடம், மூன்றாம் வருடம், ஏழாம் வருடம் என்று அந்தக் குடும்பத்தோடு உறவு நீளும். இது உங்களால் முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றுதான் உங்கள் கடிதம் சொல்கிறது. பட்டத்துக்கு ஆசைப்பட்டு யாராவது எழுதியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

அம்மாவிடம் சொல்ல ஒரு செய்தி. சான் ஃபிரான்சிஸ்கோ இளைஞர்கள் சங்கம் வைத்த அதே 1898இல்தான் அயோத்திதாசர், அடையாறில் இருந்த ஆல்காட் என்ற அமெரிக்கரோடு இலங்கைக்குப் போய் பஞ்சசீலம் ஏற்றார். பிறகு ராயப்பேட்டையிலும் கோலார் தங்கவயலிலும் நடந்த பௌத்த சங்கங்களில் மாடாக உழைத்தவர்கள் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தவர்கள்தான். 'மாறிட்டியா' என்பதற்கு நேராகப் பதில் சொல்லாமல், அடுத்த திதியன்று நீங்கள் ஓதக் கற்றதை ஃபோனில் அம்மாவுக்கு ஓதிக் காட்டிப் பாருங்கள். பாஷை புரியாது. சம்ஸ்கிருதம் மட்டும் அவருக்குப் புரிகிறதா என்ன?

அப்பாவின் பெயர் எழுதிய விளக்குத் தாள் இன்னும் உங்களிடம் இருந்தால் ஒரு படம் அனுப்புங்கள். பெயரில் 'ழ' இருக்கிறதா? இருந்தால் அந்த அம்மாள் அதை எப்படிச் சமாளித்தார் என்று பார்க்க ஆசை.